கித்தா மரம் உதிர்த்த ஜப்பான் காகிதங்கள்

சன்னாசி பால் வெட்டும் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கட்டியிருந்த மங்குக் கிண்ணத்தில் முதல் பதக்கம் கிடந்த காலையில், எங்கள் சுங்கை செமாய் தோட்டத்துக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது: மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதனால் அவர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பாலுக்குள் கையை விட்டுத் துழாவி, வட்டமான வெள்ளித் துண்டு ஒன்றை, நீலக் கோடு போட்ட சிவப்புப் பட்டு நாடாவோடு வெளியே எடுத்துக் காட்டியபோது, காலிக் குடத்தோடு குழாயடியில் நின்ற நாங்கள் "நல்லாருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழாயைப் பார்த்தோம். மறுநாளும் ஒன்று கிடந்தது, அதற்கு மறுநாளும் ஒன்று கிடந்தது. நாலாம் நாள் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் எங்களுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடைத்தது.

எங்கள் தோட்டம் எப்போதோ முழுக்கச் செம்பனையாகிவிட்டது. கோயிலுக்குப் பின்னால் ஆற்றோரமாக இரண்டு ஏக்கர் மட்டும், கம்பெனிக்காரன் வரைபடம் போடும்போது மறந்து விட்டுவிட்டதால், கிழட்டுக் கித்தா மரங்களாகவே நின்றது. கேட்க ஆளில்லாத அந்தப் பாலை அறுபது வயது சன்னாசி தினமும் விடியலில் போய் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டாவிட்டால் கை நமைக்கிறது என்பார். ஆற்றை ஒட்டி நின்ற கடைசி மரம்தான் பதக்கம் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் ஒன்று, பாலுக்கு அடியில், துளிக் கறையில்லாமல்.

கழுவிப் பார்த்தால் பதக்கத்தில் மூன்று மூன்றாக இலை. ஒரே காம்பில் மூன்று இலை என்றால் எங்களுக்கு உலகத்தில் ஒரே மரம்தான். "கித்தா எலதான், சந்தேகமே இல்ல" என்றார் சன்னாசி, அதோடு எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலு தலைமுறையாக இருட்டில் எழுந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, கொசுக்கடியில் மரம் வெட்டி, வாளி தூக்கி முதுகு வளைந்த எங்களுக்கு, துரை கொடுக்காத, கம்பெனி கொடுக்காத, சங்கமும் வாங்கித் தராத மரியாதையை மரமே கொடுக்கிறது. கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே வரிசையில் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். குணவதி வீட்டு முறை வந்தபோது மட்டும், அவரிடம்தான் ஏற்கெனவே ஒரு அலமாரி நிறைய இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

அந்தச் சாக்கு எங்களுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

குணவதி முப்பத்திரண்டு வருஷம் எங்கள் தோட்ட மருந்தகத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மிஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்களில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துப் போட்டதும், மீதிப் பேரின் மண்டையில் தையல் போட்டதும் அவர் கைதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் பெண் கேட்டுப் போனதில்லை, மிஸி தனியாகவே ஐம்பத்தெட்டு வயதை எட்டியிருந்தார். காரணம் அவருடைய தாத்தா சின்னத்தம்பித் தண்டல். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களை மேய்த்தவர். ஒரே நாளில் அறுபத்து மூன்று ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாம் காட்டில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான் ஜப்பான்காரன்; ஒருவர்கூடத் திரும்பவில்லை; தண்டலுக்கு மட்டும் ஒரு பதக்கம் வந்தது. ஆள் காட்டிக் கொடுத்ததற்குக் கிடைத்தது என்று தோட்டம் சொன்னது. புகைக்கூடத்தில் தீப்பிடித்தபோது உள்ளே புகுந்து நாலு பேரைக் காப்பாற்றியதற்குக் கிடைத்தது என்று மிஸியின் அப்பா சொன்னார், சாகும்வரை சொன்னார், சாகிற அன்றும் சொன்னார்.

இரண்டில் எது நிஜம் என்று தெரிந்துகொள்ளத்தான் மிஸி ஜப்பான் பதக்கங்களைச் சேர்க்கவே ஆரம்பித்தார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த அந்தப் பதக்கம் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒன்றை அடையாளம் காண இன்னொன்று வேண்டியிருந்தது, அதை அடையாளம் காண இன்னும் பத்து. ஈப்போ பழம்பொருள் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குனிந்து குனிந்து தேடி, ஜப்பானில் நகோயா ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஜப்பான் பாஷை படிக்கக் கற்றுக்கொண்டு, முப்பது வருஷத்தில் பேராக் மாநிலத்திலேயே ஜப்பான் பதக்கம் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரே ஆளாகிவிட்டார். அவர் பார்க்கும் விதமே தனி. முன்பக்கத்தை முதலில் பார்க்க மாட்டார். மருந்தகத்துப் பழைய கையுறையைப் போட்டுக்கொண்டு, திருப்பிப் பின்பக்க எழுத்தைப் பார்ப்பார், விளிம்பைத் தடவுவார், நாடாவின் நெசவை எண்ணுவார், மருந்துப் பொடி நிறுத்த தராசில் நிறுப்பார். கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்: "காயிதம் இருக்கா?" பதக்கம் யாருக்கு, எதற்கு என்பதைக் கூட வந்த பாராட்டுக் காகிதம்தான் சொல்லும், காகிதம் தொலைந்த பதக்கம் வெறும் உலோகம் என்பது அவருடைய கட்சி.

நாங்கள் பதக்கங்களோடு போய் அவர் வீட்டு வாசலில் நின்றோம். தாண்டிப் போனதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"இது கித்தா எல இல்லண்ணே" என்றார் சன்னாசியிடம். "கிரின்னு ஒரு மரம். ஜப்பான்ல வீட்ல பொண்ணு பொறந்தா நட்டு வைப்பாங்களாம். செஞ்சிலுவைச் சங்கத்துல சேர்ந்தவங்களுக்குக் குடுக்குற பதக்கம் இது."

"சேர்ந்ததுக்கேவா? வேற ஒண்ணும் செய்யலியா?"

"சேர்ந்தா போதும். லட்சக்கணக்குல குடுத்திருக்காங்க."

சன்னாசியின் முகம் செத்துவிட்டது. ஆனால் எங்களைச் சமாதானப்படுத்திக்கொள்ள எங்களுக்குத் தெரியாதா? மரத்துக்கு ஜப்பான் பாஷை தெரியாது, இலையைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறது, மனசுதான் முக்கியம் என்று முடிவு செய்தோம். மாரியம்மன் கழுத்தில் போட்டிருந்த பெரிய பதக்கத்தை மிஸி கர்ப்பகிரக வாசலில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்து, அது ஜப்பானில் முதல் தடவையாக வீடு வீடாகப் போய்க் குடிக்கணக்கு எடுத்தவர்களுக்குக் கொடுத்தது என்றார். தலை எண்ணுகிற வேலையைத்தானே அம்மாவும் பார்க்கிறாள், இருக்கட்டும் என்றார் பூசாரி. அரசாங்க அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், கிடைத்த இடம் என்ற கட்டத்தில் 'பால் மங்கு' என்று எழுத அவருடைய படிவத்தில் வழியில்லாததால் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைகள் பதக்கம் குத்திக்கொண்டார்கள். லாரிக்காரர் கண்ணாடிக்கு முன்னால் தொங்கவிட்டார். அழகம்மா மட்டும் தன் பங்குக்கு வந்ததை ஆட்டுக் கிடாயின் கழுத்தில் கட்டிவிட்டார்.

அழகம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. அவர் வயிற்றில் இருந்தபோது அப்பா லாரியில் ஏறினார். வேறு தோட்டத்திலிருந்து வந்து கல்யாணம் முடித்து நாலே மாதம் ஆன புது ஆள். எல்லோரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள், அப்படிக் கூப்பிட்ட ஆண்களும் அதே லாரியில் போய்விட்டார்கள். ஆட்கள் பேர் எழுதிய புத்தகத்தை ஜப்பான்காரன் போகும்போது கொளுத்திவிட்டுப் போனான். அழகம்மாவின் அம்மாவோ, புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். பிறப்புப் பதிவுக்குத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி கேட்டபோதும் சொல்லவில்லை, கெஞ்சியபோதும் சொல்லவில்லை, திரும்பி வந்து அவரே சொல்லட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கிராணி சலித்துப்போய் ராமசாமி என்று எழுதிக்கொண்டார். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அழகம்மாவின் அடையாள அட்டையில் இன்றைக்கும் ராமசாமிதான். யாரோ ஒரு கிராணியின் சலிப்பு அது. மிஸியைக் கண்டால் அழகம்மா தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார், மகளுக்குப் பிரசவம் பார்த்ததற்காகக்கூட நன்றி சொன்னதில்லை, "தண்டல் பேத்தி" என்றுதான் பேச்சு.

தை பிறந்தது. கித்தா மரங்கள் இலை உதிர்க்கிற காலம். மற்ற மரங்கள் சிவந்த இலைகளைச் சரசரவென்று கொட்ட, ஆற்றோர மரம் மட்டும் காகிதங்களை உதிர்த்தது. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அப்படியும் இப்படியும் அசைந்து இறங்கின; தடித்த வெள்ளைக் காகிதம், ஓரத்தில் பூவேலை, கறுப்பு மையில் மேலிருந்து கீழே எழுத்து, ஈரமாகத் தெரிகிற சிவப்பு முத்திரை. தூறல் விழுந்தது, காகிதம் நனையவில்லை. காற்று அடித்தது, ஒன்றும் ஆற்றில் விழவில்லை. நாங்கள் மரத்தடியில் அண்ணாந்து நின்றோம், எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது. பதக்கத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாளித்துவிட்டோம். இதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. மிஸி முழங்காலிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

அதற்குப்பிறகு தினமும் காலையில் மிஸி வாசலில் கூட்டம். காகிதத்தில் உள்ள எண்ணும் தேதியும் பார்த்து, எந்தக் காகிதம் எந்தப் பதக்கத்தோடு சேரும் என்று அவர் ஜோடி சேர்ப்பார், பிறகு படித்துச் சொல்வார். சன்னாசி வீட்டுப் பதக்கம் யொஷினோ என்று ஒரு விதவையுடையது. லாரிக்காரருடையது அகிதா என்ற ஊரில் பனியில் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரருடையது. ஆட்டுக்கிடாயின் கழுத்தில் தொங்கியது ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. அதுவரை எங்களுக்கு ஜப்பான்காரன் என்றால் ஒரே ஆள்தான், தொப்பியும் கத்தியும் வைத்த ஒரே ஆள். இப்போது வீட்டுக்கு ஒருவராக, பேரோடும் ஊரோடும் வந்து சுவரில் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னோர் படையலில் ஓர் இலை கூடுதலாகப் போடலாமா என்று பேச்சு வந்தது. என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியவில்லை. மீன் வைத்தால் தப்பில்லை என்று தீர்மானமாயிற்று. "அவனுங்கதானே நம்மாளுங்கள வாரிக்கிட்டுப் போனானுங்க" என்று அழகம்மா கத்தினார். அவர் சொன்னதும் சரிதான், யொஷினோவுக்கு மீன் வைத்ததும் சரிதான்.

மாசி நடுவில் எல்லாப் பதக்கத்துக்கும் காகிதம் வந்துசேர்ந்துவிட்டது. மங்கில் பதக்கம் விழுவதும் நின்றது. மரம் மொட்டையாக நின்றது, உச்சிக் கிளையில் ஒரே ஒரு காகிதம் மட்டும் பாக்கி. சுங்கை செமாய்க்கென்று வந்து காகிதம் கிடைக்காத பதக்கமும் ஒன்றுதான் பாக்கி, அது யார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

பதினோரு நாள் அது விழவில்லை. மிஸி தினமும் காலையில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தார். நாங்களும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். சன்னாசி ஒருநாள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "மிஸி, எப்படி இருந்தாலும் தீயணைச்சதுக்குன்னு சொல்லிடுங்க. எங்கள்ல எவனுக்கு அந்த எழுத்துத் தெரியும்? நீங்க சொல்றதுதான்."

மிஸி சிரித்தார். "எனக்குத் தெரியுமேண்ணே" என்றார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். தீ என்று ஓர் எழுத்து இருந்தால் போதும். அப்பா பொய் சொல்லவில்லை என்றாகிவிடும், ஐம்பத்தெட்டு வருஷமும் அநியாயம் என்றாகிவிடும், நாங்கள் எல்லோரும் அவர் முன்னால் தலை குனிய வேண்டியிருக்கும். குனியத் தயாராகத்தான் இருந்தோம். சிலர் வேண்டிக்கொண்டோம்கூட.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்த நேரத்தில், காற்றே இல்லாதபோது அது கழன்றது. மற்றவைபோல் அசைந்து வரவில்லை, நேராக இறங்கியது, இறங்க இறங்க மடிப்பு மடிப்பாக விரிந்தது. மிஸியின் மடியில் விழுந்தபோது அதன் நீளம் புடவைத் தலைப்பு அளவுக்கு இருந்தது. அவர் கையுறை போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். முதலில் முத்திரையைப் பார்த்தார், பிறகு தேதியை, பிறகு நடுவில் இருந்த மூன்று வரியை. அந்த மூன்று வரியில் அவர் கண் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. இரண்டு தடவை உதடு அசைந்தது. எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு நிமிஷம், சொன்னால் நம்புங்கள், அவர் தீ என்று சொல்லியிருந்தால் நாங்கள் அத்தனை பேரும் கை தட்டியிருப்போம்.

கூட்டத்துக்குப் பின்னால், கிடாயைப் பிடித்துக்கொண்டு, அழகம்மா நின்றார்.

"ஷோவா பதினெட்டு, ஆறாம் மாசம், பதினாலாம் தேதி" என்று மிஸி படித்தார். மருந்தகத்தில் பேர் கூப்பிடுகிற அதே குரல். "நம்ம கணக்குல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து மூணு. வைகாசிக் கடைசி. சுங்கை செமாய் தோட்டத் தண்டல் சின்னத்தம்பிக்கு." நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "ரயில் பாதை வேலைக்கு அறுபத்து மூணு ஆள ஒரே நாள்ல, ஒரு ஆள்கூட தப்பாம, தேடிப் பிடிச்சு ஒப்படைச்சதப் பாராட்டி."

சன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீயப்பத்தி ஒண்ணும் இல்ல" என்றார் மிஸி. கேட்காதவர்களுக்குச் சொல்வதுபோல் மறுபடியும் சொன்னார். "எங்கப்பா சொன்னது இல்ல. நீங்க சொன்னதுதான்."

நாங்கள் சொன்னதுதான் சரி என்று நிரூபணமானதில் எங்களுக்கு இவ்வளவு அவமானமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. மெல்லக் கலைந்துவிடலாம் என்று பின்வரிசை திரும்பியபோது, மிஸி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போவாதீங்க. இன்னும் முடியல. ஒப்படைச்ச ஆளுங்க யாரு யாருன்னு கீழ எழுதியிருக்கு." அவருடைய விரல் காகிதத்தின் நீளத்தில் இறங்கியது. "வெளியாள் பேர எழுத அவங்களுக்குத் தனியா ஒரு எழுத்து இருக்கு. ரொம்பச் சுலபமானது. லயம் போட்டு, வீடு போட்டு, வயசு போட்டிருக்கு."

தொழிலாளர் வரிசை வீடுகளில் முதல் லயத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். வீரமுத்து, வயது நாற்பது. கறுப்பண்ணன், வயது பத்தொன்பது. செல்லையா, வயது முப்பத்து மூன்று. ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் எங்காவது ஒரு மூச்சு இழுபட்டது, ஒரு கை வாயைப் பொத்தியது. எழுபது வருஷத்தை நெருங்கப்போகிற நேரத்தில், எழுதிவைத்தவன் கொளுத்திவிட்டுப் போன பேர்கள், பறவையோ மனிதரோ ஏறாத ஒரு கிளையிலிருந்து இறங்கி, எங்கள் மிஸியின் வாயிலிருந்து வரிசையாக வந்துகொண்டிருந்தன; பெரட்டுக்களத்தில் கூப்பிட்டதுபோல் ஒருவர்கூட விட்டுப்போகாமல் வந்தன, பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. இரண்டாம் லயம் முடிந்தது. மூன்றாம் லயம் முடிந்தது.

"நாலாம் லயம், ஏழாம் வீடு" என்றார் மிஸி.

கிடாயின் கயிறு கீழே விழுந்தது. நாலாம் லயம் ஏழாம் வீட்டில்தான் அழகம்மா பிறந்தார், லயத்தை இடிக்கும்வரை அங்கேதான் இருந்தார். கூட்டம் தானாக விலகி வழி விட, அவர் நடந்து வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றார். மிஸி எழுந்து நின்றார். இருவரும் அவ்வளவு கிட்டத்தில் நின்று நாங்கள் பார்த்ததில்லை.

"எங்க தாத்தா செஞ்சதுதான், அழகம்மாக்கா" என்றார் மிஸி. குரல் இப்போதுதான் உடைந்தது.

"செஞ்சது செஞ்சதுதான். அது போவாது" என்றார் அழகம்மா. "நீ படி."

"பெரியண்ணன்" என்று படித்தார் மிஸி. "வயது இருபத்தொண்ணு."

அழகம்மாவுக்குக் காது கேட்காததுபோல் இருந்தது. தன் பேரன் வயதைவிடச் சின்ன வயதில் நிற்கிற ஒருவரை அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவ படி" என்றார். மிஸி படித்தார். "இன்னொரு தடவ." மிஸி படித்தார். எத்தனை தடவை என்று நாங்கள் எண்ணவில்லை. நாலாவது ஐந்தாவது தடவையில் அழகம்மாவின் உதடும் கூடவே அசைய ஆரம்பித்தது. பிறகு மிஸியின் குரல் நின்றுவிட்டது, அழகம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். புடவையை இழுத்துச் சரி செய்துகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நிற்கிற பிள்ளைபோல் நேராக நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"என் பேரு அழகம்மா. எங்கப்பா பேரு பெரியண்ணன்."